பாலில் கிடந்த வேரும் நீலியின் கள்ளிக்கொம்பும்

கில்லெர்மோ டெல் டோரோ இயக்கிய 'பான்ஸ் லாபிரிந்த்' படத்தைப் பார்த்தவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றேதான். போர்ப் படம் என்றால் போரைக் காட்ட வேண்டும், மாயக்கதை என்றால் மாயத்தைக் காட்ட வேண்டும், இது என்ன ரெண்டுங்கெட்டான்? போன வாரம் பாளையங்கோட்டை நண்பர் ஒருவர் போனில் இதையே கொஞ்சம் சூடாகச் சொன்னார். "சின்னப்பிள்ளை, ஆட்டுக்கொம்பு வச்ச பூதம்னு பிள்ளைகளையும் கூட உக்கார வச்சிட்டேன் வே. பாட்டிலக் கொண்டு ஒரு பய மூஞ்சியிலேயே இடிக்கான். எங்க வீட்டுக்காரி டிவியையே அணைச்சிட்டா."

அவர் வீட்டம்மா செய்தது சரி. அமெரிக்காவிலேயே 'ஆர்' சான்றிதழ் (பதினேழு வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணை வேண்டும்) வாங்கிய படம் அது. ஓடிடிக்காரர்கள் முகப்பில் ஒரு சிறுமியையும் வளைந்த மரத்தையும் போட்டு வைத்தால் யாரும் ஏமாறத்தான் செய்வார்கள். ஆனால் 'ரெண்டுங்கெட்டான்' என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதுவும் வருஷா வருஷம் ஊர்க்கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி கொடுக்கிற ஒருவர் சொல்லும்போது.

நம் கோயில்களில் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டில் பாடுவது என்ன? கொலைக்கதை. திண்ணையிலும் மணலிலும் பிள்ளைகள் அரைத்தூக்கத்தில் கிடக்க, வீசுகோல் நாணில் விழ விழ, ஒரு பெண்ணை எப்படி ஏமாற்றிக் கொன்றான் என்று பாட்டை நடத்துகிற அண்ணாவி அங்குலம் அங்குலமாகப் பாடுகிறார். இசக்கி கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு ஊர் பாடம் மாறும், எலும்பு ஒன்றுதான். நகைக்காக ஒருத்தியைக் காட்டில் வைத்துக் கொல்கிறான். பார்த்த ஆள் யாருமில்லை, பக்கத்தில் ஒரு கள்ளிச்செடி மட்டும் நிற்கிறது. அந்தக் கள்ளியைச் சாட்சி வைத்துச் சாகிறாள். மறுபிறப்பில் நீலியாக வந்து அதே கள்ளியில் ஒரு கொம்பை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் பின்னாலேயே போய் ஊர்ச்சபையில் நிற்கிறாள். 'இவர் என் புருசன், இது அவர் பிள்ளை' என்கிறாள். சபை நம்புகிறது. மனிதச் சாட்சி இல்லாத கொலைக்கு ஒரு செடி வந்து சாட்சி சொல்லிவிட்டுப் போகிறது.

இப்போது கில்லெர்மோ டெல் டோரோவின் படத்துக்கு வாருங்கள். 1944, ஸ்பெயின். உள்நாட்டுப் போர் 1939-லேயே முடிந்து சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சி. மலையில் மிச்சமிருக்கிற, ஃபிராங்கோவை எதிர்க்கிற போராளிகளை வேட்டையாட வந்த கேப்டன் விடால், கர்ப்பிணியான புது மனைவியை முகாமுக்கே வரவழைக்கிறான். அவள் கூட்டி வரும் முதல் புருசனுக்குப் பிறந்த மகள்தான் ஒஃபீலியா. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை. ஆட்டுக்கொம்புப் பூதம் சிறுமியிடம் ஒரு வேரைக் கொடுக்கிறது, பச்சைக்குழந்தை உருவில் இருக்கிற மாண்ட்ரேக் வேர். பால் கிண்ணத்தில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்து, தினம் இரண்டு சொட்டு ரத்தம் விட வேண்டும். வேர் கைகாலை ஆட்டுகிறது, சிணுங்குகிறது. அம்மா தேறுகிறாள். விடால் அதைக் கண்டுபிடித்துக் கத்த, அம்மாவே மாயமெல்லாம் கிடையாது என்று வேரைத் தூக்கி அடுப்பில் போடுகிறாள். வேர் அலறுகிற அதே நிமிஷம் அவளுக்கு வலி கண்டுவிடுகிறது. பிள்ளை பிழைக்கிறது, அவள் பிழைக்கவில்லை. தாயா பிள்ளையா என்று வந்தால் பிள்ளையைக் காப்பாற்று என்று டாக்டரிடம் அந்த ஆள் முன்னாடியே சொல்லி வைத்திருக்கிறான்.

இதைப் பார்க்கும்போது நீலி இடுப்பில் இருந்த கள்ளிக்கொம்புதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த வேரை எடுத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். பிரசவத்தில் ஒரு பெண் செத்தாள், அவ்வளவுதான், முகாம் பதிவேட்டில் ஒரு வரி. வேர் இருக்கிறதாலேதான் அது கொலை என்று நமக்கு விளங்குகிறது. கொடுமைக்காரனே பதிவேட்டையும் கையில் வைத்திருக்கிற காலத்தில் மாயத்துக்கு இதுதான் வேலை. அவன் கை எட்டாத இடத்தில் ஒரு சாட்சியை நிறுத்தி வைப்பது.

'அந்தப் பூதம் நெசமா, பிள்ளையோட கற்பனையா' என்று கேட்டுக் காணொளி காணொளியாகப் போட்டிருக்கிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது. சாமி வந்து ஆடுகிறவர் முன்னால் போய் நின்று 'நெசமாவே வந்திருக்கா?' என்று நம் ஊரில் யார் கேட்கிறார்கள்? 'என்ன கொறை, சொல்லு' என்றுதான் கேட்போம். படத்திடமும் அதையே கேட்டால் பதில் கிடைக்கும்.

பாட்டில் காட்சிக்கு வருகிறேன், ஏனென்றால் நண்பர் டிவியை அணைத்த இடம் அது. அப்பனும் மகனும் முயல் பிடிக்க வந்தோம் என்று சொல்கிறார்கள். விடால் நம்பவில்லை. அப்பன் கண் முன்னால் மகன் முகத்தில் பாட்டிலின் அடியால் இடிக்கிறான், பிறகு ரெண்டு பேரையும் சுடுகிறான். அதற்கு அப்புறம்தான் பையைத் துழாவுகிறான். உள்ளே முயல் இருக்கிறது. அவன் முகம் மாறவில்லை. இனிமேலாவது ஒழுங்காகச் சோதனை போடுங்கள் என்று சிப்பாய்களிடம் சிடுசிடுத்துவிட்டுப் போகிறான், முயல் சமையலறைக்குப் போகிறது. படத்தில் எத்தனையோ பூதம் வருகிறது, அத்தனையிலும் இந்த முயல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

சாப்பாட்டு மேஜையைக் கவனியுங்கள். ஊரில் ரேஷன் அட்டை, ரொட்டிக்கு வரிசை. ஸ்பெயினில் ரேஷன் 1952 வரை நீண்டது. விடால் வீட்டிலோ விருந்து, தலைமாட்டில் அவன், பக்கத்தில் பாதிரியார். மலையில் கிடக்கிற போராளிகளின் ஆன்மாவைக் கடவுள் எப்போதோ காப்பாற்றியாகிவிட்டது, உடம்புக்கு என்ன ஆனால் என்ன என்கிற மாதிரி அவர் பேசுகிறார். அதற்குப் பிறகு ஒஃபீலியா பாதாள அறைக்குள் போனால் அங்கேயும் நீள மேஜை, நிறையப் பழங்கள், தலைமாட்டில் உள்ளங்கையில் கண் வைத்த வெளிறிய பூதம். மூலையில் குழந்தைகளின் செருப்பு மலையாகக் குவிந்து கிடக்கிறது. 'எதையும் தின்னாதே' என்று சொல்லித்தான் அனுப்பினார்கள், ஆனாலும் அவள் இரண்டு திராட்சையை எடுத்து வாயில் போடுகிறாள். அறிவில்லையா இந்தப் பிள்ளைக்கு என்று எரிச்சல்படுகிறவர்கள், முந்தின ராத்திரி அவளைச் சாப்பாடு போடாமல் படுக்க அனுப்பியதை மறந்துவிடுகிறார்கள். பசித்த பிள்ளை தின்னத்தான் செய்யும். தின்னாதே என்று சட்டம் போட்டு வைத்திருக்கிறவன்தான் பூதம்.

இதே இயக்குநரின் 'தி டெவில்ஸ் பேக்போன்' (2001) போரின் கடைசி மாதங்களில், ஒரு அனாதை விடுதியில் நடக்கிறது. முற்றத்தில் வெடிக்காத குண்டு ஒன்று குத்திட்டு நிற்கும், செத்த பையன் ஒருவன் நீர்த்தொட்டிப் பக்கம் நடமாடுவான். எனக்கு இரண்டில் அதுதான் ஒரு படி மேல், ஆனால் சண்டைக்கு வராதீர்கள். 2022-இல் வந்த 'பினோக்கியோ'வை முசோலினி காலத்துக்கு நகர்த்தினார், அது ஓரளவு பிள்ளைகளோடும் பார்க்கலாம்.

ஸ்பெயினில் போர்க்காலப் புதைகுழிகள் பலவற்றை இன்னும் தோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஃபிராங்கோ 1975-இல் செத்தான், 1977-இல் பொதுமன்னிப்புச் சட்டம் போட்டு எல்லாவற்றையும் மூடினார்கள். வரலாற்று நினைவுச் சட்டம் என்று ஒன்று வந்தது 2007-இல். படம் வந்தது அதற்கு முந்தின வருஷம், 2006-இல்.

நம் பக்கம் இப்படி ஒரு படத்துக்குக் கதை இல்லையா? 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த பாஞ்சாலங்குறிச்சியிலேயே கிடக்கிறது. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799 அக்டோபர் 16. அத்தோடு நம் சினிமாவுக்குக் கதை முடிந்துவிடும். அதற்குப் பிறகுதான் எனக்குக் கதையே தொடங்குகிறது. 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கூட்டத்தாரும் பாளையங்கோட்டைச் சிறையை உடைத்து வெளியேறி, கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள்) இடித்துப் போட்ட கோட்டையைச் சில நாளில் மண்ணாலேயே எழுப்பிவிட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற அதிகாரி பிற்பாடு தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார்: வாய் பேசாத அந்த மனிதர் துண்டு துண்டாக வைக்கோலை உள்ளங்கையில் அடுக்குவாராம். அதுதான் இங்கிலீஷ்காரப் படை. மறு கையால் ஒரு வீச்சு வீசி, வாயால் 'உஸ்ஸ்' என்று ஊதித் தள்ளுவாராம். சனம் அதற்கே கிளம்பிவிடும்.

மே 24-இல் கோட்டை விழுந்தது. செத்தவர்களுக்கு நடுவே தன் மகனைத் தேடி ஒரு தாய் வருகிறாள். மகன் குற்றுயிராகக் கிடக்கிறான். 'என்னை விட்டுரு ஆத்தா, பக்கத்துல சாமி கிடக்காரு, அவரக் காப்பாத்து' என்கிற பொருளில் அவன் சொன்னதாக வெல்ஷ் எழுதுகிறார். காயம்பட்டுக் கிடந்த ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கும்பினியோடு சேர்ந்த எட்டயபுரத்து ஆட்கள் தேடி வருகிறார்கள். உடனே துணியைப் போர்த்தி ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார்கள், பையன் அம்மை கண்டு செத்துப்போனான் என்று. வந்தவர்கள் ஓட்டம் பிடித்தார்கள்.

எதிரி எழுதி வைத்த குறிப்பு இது. இதைவிடப் பெரிய மாயக்கதையை யார் கட்டிவிட முடியும்? பெற்ற மகன் சாகக் கிடக்க, அடுத்தவரைப் பிணமாக்கி அழுது பிழைக்க வைக்கிறாள். அம்மை என்றால் நம் பக்கம் அது நோய் மட்டுமா, மாரியாத்தாள் வந்திறங்கிய வீடு. அந்த இடத்தில் அவளே வந்து போர்வைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நம் ஊர்க்காரன் எவனுக்கும் விளக்கம் தேவைப்படாது. நவம்பர் 16-இல் ஊமைத்துரையையும் பிடித்துத் தூக்கில் போட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம். விடால் தோற்றும் ஒஃபீலியா பிழைக்கவில்லையே.

நம் படங்களில் நாட்டார் தெய்வம் வந்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. இடைவேளை வரை தூங்குவார், கடைசிச் சண்டையில் கண் சிவந்து எழுந்து இருபது பேரை வெட்டுவார், பின்னணியில் உடுக்கை. அந்தச் சாமி எப்படிச் செத்துச் சாமியானது, கொன்றது யார், கொன்றவனின் பேரனும் பயந்துபோய் ஏன் படையல் வைக்கிறான், ஒன்றும் கிடையாது. கொடையில் ராத்திரி முழுக்கப் பாடுகிற சமாச்சாரத்தை ஒரு புல்லரிப்பாகச் சுருக்கியாயிற்று.

எனக்கு வேண்டியது அந்த ஒப்பாரிக் கூட்டத்தில் நிற்கிற ஒரு சிறுமியின் கண்ணில் விரிகிற படம். துரைமார் கத்தாமல் கணக்கு எழுதட்டும், விடால் மாதிரி. செலவும் பெரிதாக ஆகாது, கரிசக்காடு சும்மாதான் கிடக்கிறது. ஒரே சிக்கல், ஊமைத்துரைக்குப் படம் முழுக்க ஒரு வசனம் கிடையாது, கையில் வைக்கோல் மட்டும்தான். இதற்குத் தேதி கொடுக்கிற நாயகன் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் கீழே எழுதுங்கள்.