மிஷன் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டாளி?

எங்கள் ஊர் மிஷன் ஆஸ்பத்திரியைத் தொடர்ந்து நடத்த ஒரு கூட்டாளியைத் தேடுவதாக நிர்வாகக் குழு சொன்னதிலிருந்து ஊர் வாட்ஸப் குழுவில் ஒரே புலம்பல். "வித்துட்டாங்க, கதை முடிஞ்சுது" என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கூட்டாளி கட்டாயம் வேண்டும். நியாயமாகப் பார்த்தால், வார்டுகள் நிறைந்திருந்த காலத்திலேயே தேடியிருக்க வேண்டும். அப்போது பேரம் பேசக் கையில் ஏதாவது இருந்தது. இப்போது வருகிறவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்பதைப் பற்றி நாம் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

வேலூர் சிஎம்சியே ஒரு காலத்தில் இந்த நிலையில் நின்றதுதான். 1900-ல் அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த இடம் அது. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. 1938 வாக்கில் சென்னை மாகாண அரசு, டிப்ளமா போதாது, எம்பிபிஎஸ் தரத்துக்கு உயர்த்துங்கள் என்று சொன்னதும் பள்ளியை மூட வேண்டிய நிலை வந்துவிட்டது. தரத்தை உயர்த்துவதற்கு வேண்டிய பணமும் இல்லை, பேராசிரியர்களும் இல்லை. மற்ற மிஷன்களைச் சேர்த்துக்கொண்டால் பிழைக்கலாம், ஆனால் ஆண்களையும் படிக்கச் சேர்க்க வேண்டும். பெண்களுக்கென்றே அமெரிக்காவில் நிதி திரட்டித் தந்த லூசி பீபாடி அதைக் கடுமையாக எதிர்த்தார். பல வருடம் தோள்கொடுத்தவரின் எதிர்ப்பையும் மீறி ஐடா ஸ்கடர் கூட்டுக்குச் சம்மதித்தார். 1942-ல் எம்பிபிஎஸ் தொடங்கியது, 1947-ல் ஆண் மாணவர்கள் வந்தார்கள். பெண்கள் கல்லூரி என்ற அடையாளம் போனது, பெண்களுக்கான வைத்தியம் போகவில்லை. எதை விடலாம், எதை விடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு வழியும் உண்டு. வெளிநாட்டு மிஷன்கள் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், 1970-ல், வட இந்தியச் சிறு மிஷன் மருத்துவமனைகள் சில இம்மானுவேல் ஹாஸ்பிடல் அசோசியேஷன் என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தன. பெரிய முதலாளி யாரும் வந்து வாங்கவில்லை. தனித்தனியாகத் தள்ளாடியவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். நம் பக்கத்து ஊர்களிலும் இதே மாதிரி திணறும் ஆஸ்பத்திரிகள் இருக்கின்றனவே, அவர்களோடு பேசிப் பார்த்தார்களா?

சரி, எங்கள் ஆஸ்பத்திரிக்கு என்னதான் குறை? கட்டடம் கெட்டியாக இருக்கிறது. சிஸ்டர்கள் தங்கமானவர்கள். இல்லாதது ராத்திரி மயக்க டாக்டர். குழந்தையின் துடிப்பு குறைகிறது, உடனே சிசேரியன் செய்ய வேண்டும் என்றால் மகப்பேறு டாக்டர் மட்டும் இருந்து பயனில்லை. மயக்கம் கொடுக்க ஒருவர், பிறந்த குழந்தையைப் பார்க்க ஒருவர், கையில் ரத்தம், எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும். டியூட்டி சிஸ்டர் ஒரு கையில் கேஸ் ஷீட்டும் இன்னொரு கையில் போனுமாக, பக்கத்து ஊர் மயக்க டாக்டரை அழைத்துக்கொண்டே லேபர் வார்டு வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் எடுக்காவிட்டால் 108-தான், மெடிக்கல் காலேஜ்தான். இப்படி நாலு பேரை அனுப்பிவிட்டால் ஐந்தாவது ஆள் இங்கே வருவதே இல்லை. பிரசவம் குறைந்தால் வருமானம் குறைகிறது, வருமானம் குறைந்தால் இருக்கிற டாக்டரும் கிளம்பிவிடுகிறார். எங்கள் ஆஸ்பத்திரி தேய்ந்தது இப்படித்தான்.

அதனால் புதிய பிளாக் கட்டித் தருகிறேன், ஸ்கேன் மெஷின் வாங்கித் தருகிறேன் என்று வருகிற கூட்டாளியைக் கண்டு மயங்க வேண்டாம். டாக்டர்களை அனுப்பக்கூடியவர் வேண்டும். சிஎம்சியில் மிஷன் அமைப்புகளின் சிபாரிசில் படிக்கிறவர்கள், முடித்தபின் இரண்டு வருடம் மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் ஏற்பாடு பல காலமாக இருக்கிறது. பல சிறிய ஆஸ்பத்திரிகள் மூச்சு விடுவதே அதனால்தான். அந்த மாதிரி ஆள்பலம் உள்ள இடத்தோடு கைகோப்பதுதான் எதிர்காலம்.

அப்புறம் நிலம். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஏக்கர் கணக்கில் வேப்பமரங்களோடு கிடக்கும் இடத்துக்கு என்ன விலை என்று எல்லோருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் அக்கறை இல்லாதவர்களும் கூட்டாளியாக வரத் துடிப்பார்கள் என்றால் காரணம் அதுதான். நிலம் டிரஸ்டின் பெயரிலேயே இருக்கட்டும், கட்டடத்தைக் குத்தகைக்கு மட்டும் கொடுங்கள். 24 மணி நேரப் பிரசவமும் அவசர சிகிச்சையும் நின்றால் ஒப்பந்தம் தானாக ரத்து என்று எழுதுங்கள். காசில்லாதவருக்கு இலவசப் படுக்கை எத்தனை என்பதையும் எழுத்தில் வையுங்கள். வாய்வார்த்தையை நம்பிக் கையெழுத்துப் போடக்கூடாது.

"ஜி.ஹெச். இருக்கே" என்று சிலர் கேட்கிறார்கள். இருக்கட்டும், நன்றாக நடக்கட்டும். அங்கே ஏற்கெனவே இடமில்லாத வார்டில் எங்கள் தாலுகாவின் மிச்சப் பிரசவங்களையும் கொண்டுபோய்த் திணிப்பது நியாயமா? பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்குப் போக வசதியில்லாத கூலிக்காரக் குடும்பத்துக்கு இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரே கதவு இதுதான்.

நிர்வாகக் குழு கூட்டத்துக்கு முன்பாக, ஊர்க்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்திட்டு இந்தக் கேள்வியைக் கொடுங்கள்: கூட்டாளி வந்தபிறகு ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க டாக்டர் யார், அவர் எங்கே தங்குவார், அவருக்குச் சம்பளம் யார் தருவது? பதிலை எழுத்தில் கேளுங்கள்.