புள்ளியில் நட்சத்திரம் வைத்தவர்களுக்கு

காலி வீதியில் தமிழ் எழுத்துச் சிதைந்து தொங்கும் அந்தக் கடை விளம்பரப் பதாகையின் படத்தை நான் திரும்பவும் போடப் போவதில்லை. எல்லோரும் பகிர்ந்து, பகிடி பண்ணி முடித்துவிட்டீர்கள்.

"பெருநாள் சலுகை." இரண்டே சொல். 'பெ'யின் கொம்பு பகரத்தைத் தாண்டிப் போய் அடுத்த ரகரத்தோடு நிற்கிறது, வாசித்தால் "பரெ". 'ரு'வும் 'லு'வும் சேரவில்லை, உகரக்குறி தனியாகத் தொங்குது. 'கை'யின் கொம்பு வலப்பக்கம். இதற்கு மேல் 'ள்'ளின் புள்ளிக்குப் பதிலாக ஒரு நட்சத்திரம். நல்ல யோசனைதான், மனமாரச் சொல்கிறேன். ஆனால் நட்சத்திரம் இருப்பது ளகரத்துக்கு மேல் அல்ல, 'நா'வின் காலுக்கு மேல்.

வடிவமைப்பாளர்களே, "ஃபொன்ட் பிழை" என்று சமாளிக்காதீர்கள். இன்றைய பொது எழுத்துக் குறியீடான யூனிகோடில் பகரம் முதலாவது, கொம்பு இரண்டாவது. கொம்பை இடப்பக்கம் கொண்டுவருவது மென்பொருளின் வேலை. நீங்கள் வடிவமைக்கும் இலஸ்ட்ரேட்டர் மென்பொருளில், எழுத்துகளை வரியில் அடுக்கும் சாதாரண கம்போசர் அதைச் செய்யாது. பிரிஃபரன்சஸில் டைப், அதில் 'ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்'. பிறகு எழுத்தைத் தெரிவுசெய்து, பரகிராஃப் பனலின் மூலை மெனுவில் 'மிடில் ஈஸ்டர்ன் அன்ட் சவுத் ஏஷியன்' கம்போசர். அவ்வளவுதான். யூனிகோட் அல்லாத பழைய ஃபொன்டான பாமினியில் கொம்பை முதலில் தட்டுவதால் இந்தத் தொல்லை இல்லை. பழைய ஆட்கள் அதை விடாததற்குக் காரணமும் அதுதான். ஆனால் வாட்ஸ்அப்பில் வந்த யூனிகோட் வரிக்கு அப்படியே பாமினியைப் போட முடியாது, மாற்றித்தான் எடுக்க வேண்டும். பீடிஎஃப்பிலிருந்து கொப்பி பண்ணினாலும் கொம்பு இடம் மாறலாம். எதுவானாலும் அவுட்லைன் ஆக்குவதற்கு முன்னால் தமிழ் தெரிந்த ஒருவர் பார்க்கட்டும். ஆக்கிய பிறகு அது எழுத்தில்லை, வெறும் கோடு.

உண்மையான வியாதி வேறு. தமிழைக் கடைசியில் ஒட்டுகிறீர்கள். ஆங்கிலத்தில் விளையாட்டு, சிங்களத்தில் அழகாகக் கையெழுத்து, மிச்சமிருக்கும் கீற்றில் தமிழ். நீளம் கொள்ளாதென்று அகலத்தை 70 சதவீதமாக நசுக்கினால் நிற்கும் கோடுகள் மெலியும், படுத்த கோடுகள் தடிப்பாகவே இருக்கும். ஒடுக்க வேண்டுமென்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபொன்ட்டில் ஒடுங்கிய வடிவமே இருக்கிறது, இலவசமாக. ஆங்கிலத்துக்குக் கொடுத்த ட்ராக்கிங்கை, அதாவது எழுத்துக்கு எழுத்து விடும் இடைவெளியை, தமிழுக்கு இழுக்காதீர்கள், கொம்பும் காலும் எழுத்தை விட்டுக் கழலும். 48 பொயின்ட் எழுத்துக்கு இலஸ்ட்ரேட்டர் தானாகத் தரும் வரி இடைவெளி 57.6. பல ஃபொன்ட்டுகளில் 65 வரையாவது போகாவிட்டால் மேல்வரி 'மூ'வின் வால் கீழ்வரிப் புள்ளியில் இடிக்கும். தடித்த வெளிக்கோடு போட்டால் 'ணை', 'ஞ' எல்லாம் உள்ளே அடைத்து மைக்கட்டி.

"தமிழில் கிரியேட்டிவ் பண்ண ஃபொன்ட் எங்கே?" என்பார்கள். 'கட்டமரன்' ஃபொன்ட்டில் ஒன்பது தடிப்பு. தலைப்புக்கு 'பலூ தம்பி'. ஸ்டென்சில் வேண்டுமா, கொழும்பின் மூனியாக் எழுத்துருக் குழு செய்த 'போஸ்ட் நோ பில்ஸ் ஜஃப்னா' இருக்கிறது. தேடினால்தானே.

"கிளையன்ட் இரவு பதினொன்றுக்கு அனுப்பினார்." சரி, அது நடக்கிறதுதான். சிங்கள வரியும் அதே பதினொன்றுக்குத்தான் வந்திருக்கும், இல்லையா?

"வாசித்தால் விளங்குதுதானே, நாடு இருக்கிற நிலையில் இதுவா பிரச்சினை?" என்பவருக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழி என்றது. பலகையில் இடம் ஒதுக்குகிறார்கள், மறுக்கவில்லை. ஒதுக்கிய இடத்தில் எங்கள் எழுத்தை யாரும் பார்ப்பதில்லை. அதைவிட எரிச்சல் என்னவென்றால், அச்சுக்கு முன் சரிபார்க்கும் புரூபுக்குக் கையெழுத்துப் போட்ட இடத்தில் ஒரு தமிழராவது இருந்திருப்பார். "பரவாயில்லை, விடுங்கோ" என்றிருப்பார். நாமும் சிரிப்புப் பொம்மை போட்டுவிட்டு அந்தக் கடைக்கே சலுகைக்குப் போவோம்.

திருத்திய கோப்பை உள்பெட்டியில் கேட்கும் நிறுவனத்தாருக்கு: தருகிறேன். விலைச்சீட்டும் கூடவே வரும்.