எறிந்தது கல்தான் தம்பி

ஞாயிற்றுக்கிழமை மதுரைப் பக்கம் சாமநத்தம் கண்மாயில், பறவைப் படம் எடுக்க வந்த சிலர் வாத்துக் கூட்டத்தின் மேல் எறிந்து அதைக் கிளப்பியதை வீடியோவில் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். யார், எந்தக் குழு என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. எழுதவே வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன். 'அண்ணனுக்குப் பொறாமை' என்று ஒரு தம்பி போட்ட கமெண்டுக்கு 40 பேர் சிரித்திருப்பதைப் பார்த்த பிறகு இருக்க முடியவில்லை.

'கல் இல்லண்ணே, சும்மா மண்ணாங்கட்டி' என்கிறார்கள். சரி, மண்ணாங்கட்டி. எதற்கு எறிந்தீர்கள்? வாத்து எழும்ப வேண்டும், பின்னால் சூரியன் இருக்க வேண்டும், சிறகு விரிந்தபடி படம் விழ வேண்டும். அதற்குத்தானே?

அவை தூங்கிக்கொண்டிருந்தன ஐயா. ஊசிவால் வாத்துகள் பெரும்பாலும் ராத்திரியில்தான் மேயும். காலையில் கழுத்தைப் பின்னால் திருப்பி, அலகை முதுகுச் சிறகுக்குள் செருகிக்கொண்டு அப்படியே மிதக்கும். கூட்டத்தின் ஓரத்தில் இருக்கிற வாத்து வெளிப்பக்கக் கண்ணை மட்டும் அவ்வப்போது திறந்து வைத்துக்கொள்ளும். தூக்கத்திலும் காவல். சைபீரியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி வருகிற இனம் அது. வந்த இடத்தில் நாம் கொடுக்கிற மரியாதை மண்ணாங்கட்டி.

பறவை பார்க்கப் போனால் பறவையைப் பாருங்கள். எழுப்பாதீர்கள். நான் சொல்வது இவ்வளவுதான்.

'எருமை இறங்கவில்லையா, பையன்கள் குளிக்கவில்லையா?' என்று கேட்பீர்கள். எருமை இறங்கினால் உண்ணிக்கொக்கு அதன் முதுகில் ஏறி உட்காருகிறது. உங்கள் தோளில் எது வந்து உட்கார்ந்தது? மீன் குத்தகைக்காரர்கள் வெடி போடுகிறார்களே என்றார் ஒருவர். அதுவும் தப்புதான். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

'படத்தால்தான் விழிப்புணர்வு வருகிறது.' இதில் பாதி ஒப்புக்கொள்கிறேன். 2022இல் நம் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். 2024 கடைசியில் டங்ஸ்டன் சுரங்கம் என்று பூதம் கிளம்பியபோது அந்த மலையின் ராஜாளிக் கழுகுப் படங்களை நானும் வரிந்துகட்டிக்கொண்டு பகிர்ந்தேன். ஆனால் கழுகைக் கல்லெறிந்து எழுப்பியா அந்த ஊர்க்காரர்கள் மலையைக் காப்பாற்றினார்கள்? வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக்குப் போய்ப் பாருங்கள், திருப்பத்தூர் போகிற வழிதான். பறவை மிரளும் என்று தீபாவளிக்கு வெடியே போடாத ஊர், அங்கே இருக்கிற கொள்ளுகுடிப்பட்டி. அவர்கள் யாரும் விழிப்புணர்வுப் பதிவு போட்டு நான் பார்த்ததில்லை.

'நீ மட்டும் எறிந்ததில்லையா?' எறிந்திருக்கிறேன். ஒன்பது வயதில், கவட்டையில். ஒரு மணிப்புறா. அப்பா அடிக்கவில்லை. அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, 'சூடு ஆறுற வரைக்கும் கீழ வைக்காத' என்றார். மார்கழிக் காலை. மதுரையில் என்ன பெரிய குளிர் என்று சிரிப்பீர்கள். 20 டிகிரிக்கே மங்கி குல்லா தேடுகிற ஊர்தான். ஆனாலும் அன்றைக்கு அந்தச் சூடு போக எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியும். கழுத்துப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நின்றேன்.

கடைசிக் காலத்தில் அப்பா தினமும் அந்தக் கண்மாய்க் கரையில்தான் நடந்தார். உபரித் தண்ணீர் வழிகிற கலிங்கில் உட்கார்ந்து ஆள்காட்டிக் குருவி கத்துவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். அதே கலிங்கில் நின்றுதான் எறிந்திருக்கிறீர்கள். இது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தாலும் அதற்கும் ஒரு சிரிப்பு எமோஜி போட்டிருப்பீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் அங்கே இருந்தேன். கத்தவில்லை. 'தம்பி, விரட்டாதீங்க' என்று மட்டும்தான் சொன்னேன். 'அண்ணே நீங்க என்ன பாரஸ்ட்டா?' என்றான் ஒருவன், வனத்துறை ஆளா என்று. கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். அதில் இரண்டு பேருக்கு பைனாகுலர் பிடிக்கவே நான்தான் கற்றுக்கொடுத்தேன். பாரஸ்ட் இல்லைதான். ஆனால் 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தில் வேட்டை என்பதற்கு என்ன பொருள் என்று ஒருமுறை வாசித்துப் பாருங்கள். சுடுவதும் பிடிப்பதும் மட்டும் இல்லை, விரட்டுவதும் அதில் இருக்கிறது.

படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. அந்த எரிச்சலும் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. என் சொந்த மச்சானே லைக் போட்டிருக்கிறான்.

பொங்கலை ஒட்டி 2015இலிருந்து வருஷா வருஷம் நடக்கிற பறவைக் கணக்கெடுப்புக்கு இன்னும் சில நாள்தான். ஒத்திகை பார்ப்போம் என்று இன்று காலை ஆறு மணிக்குப் போனேன். மடைப் பக்கம் ஒரு முக்குளிப்பான், இரண்டு நாமக்கோழி. வாத்துக் கூட்டம் எதிர்க்கரையில், கருவேல மரங்களுக்கும் அப்பால், பனிக்குள் ஒரு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. எவ்வளவு உற்றுப் பார்த்தும் ஊசிவாலா வேறா என்று பிடிபடவில்லை. 'வாத்து, இனம் தெரியவில்லை' என்று நோட்டில் எழுதிவிட்டு வந்தேன்.