ரெண்டு மணின்னு எழுதினது அவங்கதானே

இங்க மொரிஷியஸ்ல, எபேன் சைபர் சிட்டில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி இன்டர்வியூ, பேரு வேணாம். நாலு ரவுண்டாம். ஹெச்ஆர் கால் முடிஞ்சதும் வீட்டுல செஞ்சு அனுப்புங்கன்னு ஒரு அசைன்மென்ட், சனி ஞாயிறு ரெண்டு நாளும் அதுலயே போச்சு, லாகின், டேட்டாபேஸ், டெஸ்ட் எல்லாம் எழுதி குடுத்தேன், ஒரு வார்த்தை ஃபீட்பேக் கிடையாது. யாராவது தொறந்து பாத்தாங்களான்னு கூட தெரியல.

அடுத்தது பாரிஸ்ல இருக்குற டெக் லீட் கூட வீடியோ கால். மெயில்ல மொரிஷியஸ் நேரம் மத்தியானம் 2 மணின்னு தெளிவா போட்டிருந்தாங்க. மார்ச் கடைசில பாரிஸ்ல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளிடுவாங்க, நம்ம தீவுல அந்தப் பழக்கம் இல்ல, அதனால 3 மணி நேர வித்தியாசம் 2 ஆயிடும். பழைய கணக்குலயே எனக்கு எழுதிட்டு அவங்க மட்டும் நம்ம 1 மணிக்கே வந்து பாத்துட்டு போயிட்டாங்க.

நான் ரோஸ் ஹில் வீட்டுல சட்டைய அயர்ன் பண்ணி போட்டுட்டு, மைக்ல சத்தம் கேக்கும்னு ஃபேன நிறுத்திட்டு, 1:50க்கே லிங்க்க தொறந்தா வெயிட்டிங் ரூம் சுத்திட்டே இருக்கு. அம்மா கதவோரம் நின்னு ஆரம்பிச்சிருச்சான்னு கையாலயே கேக்குறாங்க. வேர்த்து ஊத்துது. முக்கா மணி நேரம்ங்க!

சாயங்காலம் மெயில் வருது, கேண்டிடேட் வரல, ப்ராசஸ் க்ளோஸ்னு. அவங்க மெயிலையே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன், மூணு வாரமாச்சு, ஒரு வரி பதில் இல்ல. ஒரு கேலண்டர் இன்வைட் அனுப்பியிருந்தா நேரத்த அதுவே சரியா மாத்தி காட்டியிருக்கும், அதுக்கு அரை நிமிஷம் ஆகுமா? நான் அன்னைக்கு லீவு போட்டு உக்காந்திருந்தேன்.