கிரிக்கெட் போனால் மைதானம் செத்துவிடுமா?

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திருவனந்தபுரம் பாளையத்தில் இருக்கிற யுனிவர்சிட்டி ஸ்டேடியத்தைப் பற்றி ஒரு பெரியவர் மைக் பிடித்துப் பேசினாரே, அதேதான். அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை, நீங்களும் கமெண்டில் போட வேண்டாம். மலையாளத்தில் பேசினார், சாரம் இதுதான்: கடைசியாக அங்கே பெரிய மேட்ச் நடந்தது 1988இல், அதோடு அது செத்துப்போன மைதானம், நகரத்தின் நடுவில் இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகம் என்ன செய்கிறது, கடைகளுக்கு விட்டால் வருமானமாவது வரும்.

மேட்ச் நடக்கவில்லை என்பது உண்மை. செத்துப்போய்விட்டது என்பது பொய். இந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டிப் பேசுவதுதான் எனக்கு ஆத்திரம். 2015இல் 35ஆவது தேசிய விளையாட்டுப் போட்டிகள் கேரளத்தில் நடந்தபோது தடகளம் எங்கே நடந்தது? இந்தச் 'செத்த' மைதானத்தில்தான். நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் பிள்ளைகள் வந்து ஓடினார்கள், எறிந்தார்கள், தாண்டினார்கள். அந்தப் பெரியவரின் கணக்கில் அது வரவில்லை. கிரிக்கெட் இல்லையென்றால் ஒன்றுமே இல்லை என்று கணக்குப் போடுகிறவருக்கு எப்படி வரும்?

கொஞ்சம் வரலாறு சொல்கிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். 1937இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகம் தொடங்கியது, இன்றைய கேரளப் பல்கலைக்கழகம் அதுதான். சித்திரைத் திருநாள் மகாராஜா வேந்தர், சர் சி.பி. ராமசாமி ஐயர் துணைவேந்தர். அதிலிருந்து மூன்றே வருடத்தில், 1940இல், இந்த மைதானம் வந்துவிட்டது. முன்னின்று உருவாக்கியவர் கேரள விளையாட்டை வளர்த்த நிர்வாகி ஜி.வி. ராஜா. அவர் பிறந்த அக்டோபர் 13ஐத்தான் கேரளம் இன்றும் விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறது. கிரிக்கெட் ஒருநாள் போட்டி என்ற ஒன்றே இல்லாத காலம் அது. மாணவர்கள் ஓடியாட ஒரு இடம் வேண்டும் என்று நினைத்துக் கட்டினார்கள். அதற்குத்தான் கட்டியது, அதற்குத்தான் இன்றைக்கும் இருக்கிறது.

கிரிக்கெட் பின்னால் விருந்தாளியாக வந்தது. 1984 அக்டோபர் 1, இந்தியா–ஆஸ்திரேலியா, மழையில் பாதியில் நின்றுபோனது. அடுத்தது 1988 ஜனவரி 25, மேற்கிந்தியத் தீவுகளுடன். அவ்வளவுதான், சர்வதேச ஒருநாள் போட்டி என்று பார்த்தால் மொத்தமே இரண்டு. இந்த இரண்டு நாளை வைத்தா எண்பது வருடத்துக்கு மேலான ஒரு மைதானத்தை எடை போடுவது?

கிரிக்கெட் மேல் எனக்கு வெறுப்பு என்று தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். அந்த 88 மேட்சுக்கு நான் போயிருக்கிறேன். எனக்கு அப்போது பத்து வயது. நாகர்கோவிலிலிருந்து விடிவதற்கு முன்னால் அப்பாவோடு பஸ் ஏறி, தம்பானூரில் இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகப் பாளையம் வரைக்கும் நடந்தே போனோம். அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறு பையிலேயே நசுங்கி, இலையைப் பிரித்தால் எண்ணெய் என் பாவாடையெல்லாம் ஆனது. ஸ்ரீகாந்த் நூற்றொன்று அடித்தார். பக்கத்தில் இருந்த மலையாளத்துக்காரர் ஒருவர் முன்பின் தெரியாத என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அப்பா "பாத்தியா மக்ளே, நம்ம ஆளு" என்று கத்திக்கொண்டே இருந்தார். அப்புறம் மேற்கிந்தியத் தீவுகளின் பில் சிம்மன்ஸும் சதம் அடித்து, ஒன்பது விக்கெட் வித்தியாசத்தில் நாம் தோற்றோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் யாரும் பேசவில்லை. அந்த நாளை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் அந்த மைதானம் எனக்குச் சொந்தமானது அன்றைக்கு இல்லை. கல்லூரிக்குத் திருவனந்தபுரம் வந்து, இன்டர் காலேஜ் மீட்டில் 800 மீட்டர் ஓடினேனே, அன்றைக்குத்தான். இன்றைக்கு இருக்கிற சிந்தெடிக் ட்ராக் அப்போது இல்லை. மண் ட்ராக், சுண்ணாம்புக் கோடு. ராத்திரி மழை பெய்திருந்தால் உள் லேன் சேறாகக் கிடக்கும், ஸ்பைக்ஸில் அப்பிக்கொண்டு ஒவ்வொரு காலும் கல்லாகக் கனக்கும். இரண்டாவது ரவுண்டில் கேலரியைப் பார்த்தேன். எங்கள் காலேஜ் பிள்ளைகள் சிலர், குடை பிடித்துக்கொண்டு ஒரு வாட்ச்மேன். வேறு யாரும் இல்லை. நான் ஓடினேன். அது நடந்ததா இல்லையா? ஆள் கூடவில்லை என்பதால் அது கணக்கில் வராதா?

திருவனந்தபுரத்திலேயே காரியவட்டத்தில் பெரிய ஸ்டேடியம்தான் வந்துவிட்டதே, இது எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். சரி, அதையும் பேசுவோம். காரியவட்டமும் பல்கலைக்கழக நிலம்தான், குத்தகைக்குக் கொடுத்தது. 2018இல் அங்கே இதே மேற்கிந்திய அணியை 104க்குச் சுருட்டி ஒன்பது விக்கெட்டில் ஜெயித்தோம், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் 2023 ஜனவரியில் இலங்கையை 317 ரன்னில் வென்றபோது, ஒருநாள் கிரிக்கெட்டில் அதுவரை யாரும் காணாத வெற்றி அது, கேலரியில் எவ்வளவு நாற்காலி காலியாகக் கிடந்தது என்று டிவியில் எல்லோரும் பார்த்தோம். அதற்காகக் காரியவட்டம் செத்துவிட்டது என்று யாராவது மைக் பிடித்தார்களா?

படிப்புக்கும் மைதானத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறார்கள். ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் மனிதனால் ஓட முடியும் என்று 1954 மே 6 அன்று ரோஜர் பானிஸ்டர் காட்டியது ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் இஃப்லி ரோடு ட்ராக்கில். அவர் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தவர். இதற்கு மேல் என்ன சம்பந்தம் வேண்டும்?

பராமரிப்புச் செலவு ஒரு நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். அதற்கு வழி பார்க்கலாம். கடை கட்டுவது வழி இல்லை.

"தமிழ்க்காரிக்கு இதில் என்ன" என்று கேட்டவருக்கு: 1956 நவம்பர் 1 வரைக்கும் நாகர்கோவில் திருவிதாங்கூர்–கொச்சியில்தான் இருந்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி அன்றைக்கு இந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்த கல்லூரி. அந்த மைதானம் எங்கள் தாத்தா தலைமுறைக்கும் கட்டியதுதான். எல்லை மாறியது, அதனால் பாத்தியதை இல்லாமல் போகாது.

உண்மையில் நான் இவ்வளவு எழுதக் காரணம் அந்தப் பெரியவர் இல்லை. அவரை எனக்குத் தெரியாது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வீடியோவைப் போட்டு, கூடவே கைதட்டல் படங்களையும் வரிசையாகப் போட்டது என் அத்தான். அவர் மகள் இந்த வருடம் இதே ட்ராக்கில் 4x400 ரிலேயில் கடைசி லெக் ஓடினாள். பேட்டன் கைக்கு வரும்போது அவர்கள் டீம் ஆறாவது, நான்காவதாகக் கொண்டுவந்து சேர்த்தாள். வீட்டிலிருந்து நான் மட்டும்தான் போயிருந்தேன். முடித்ததும் ட்ராக்கிலேயே உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்க்க முடியாமல் அவளுக்குக் கை நடுங்கியது, நான்தான் அவிழ்த்துவிட்டேன். "அப்பா வரலியா சித்தி" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள்.

அத்தான், நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். என்னோடு சண்டை போட வேண்டுமென்றால் போன் பண்ணுங்கள், பேசலாம். அதற்கு முன்னால் அந்தக் கைதட்டலை குரூப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். பிள்ளையும் அந்த குரூப்பில்தான் இருக்கிறாள்.