பெர்லின் முதியோர் இல்லமும் ஒரு பொய் ஒப்பந்தமும்

நாஜிங்க பண்ணின யூதப் படுகொலைன்னா நமக்கு உடனே ஆஷ்விட்ஸ் கொலை முகாம்தான் ஞாபகம் வரும். ஆனா வயசானவங்களை என்ன சொல்லி நம்ப வச்சு ரயில் ஏத்தினாங்கங்கறதப் பத்தி நம்ம பக்கம் யாரும் பெருசா பேசறதே இல்ல, எனக்கு ஆறவே ஆறாத விஷயம் அதுதான்.

பெர்லின்ல க்ரோஸ ஹாம்பர்கர் தெருவுல 1844ல யூத சமூகம் ஒரு முதியோர் இல்லம் கட்டுச்சு. ஒட்டினாப்ல 1672லேர்ந்தே இருந்த கல்லறைத் தோட்டம், தத்துவ அறிஞர் மோசஸ் மெண்டல்சோனை அங்கதான் அடக்கம் பண்ணாங்க, பக்கத்துலயே யூதப் பசங்க படிச்ச ஸ்கூல். கிட்டத்தட்ட நூறு வருஷம் எத்தனையோ பெரியவங்களோட கடைசிக் காலம் அங்க நிம்மதியா கழிஞ்சிருக்கு. 1942ல கெஸ்டபோ, அதாவது நாஜி ரகசிய போலீஸ், அங்க இருந்தவங்களை இப்ப செக் நாட்டுல இருக்கற தெரேசியன்ஸ்டாட்ங்கற நாஜி முகாமுக்கு அனுப்பிட்டு, ஜன்னலுக்கு கம்பி போட்டு, நாடு கடத்தப் போறவங்களை அடைச்சு வைக்கிற முகாமா அதை மாத்திட்டாங்க. இங்கேர்ந்து 55,000 பேர் போனாங்கன்னு இப்ப அங்க கல்வெட்டு இருக்கு.

இதுல ரொம்பக் கேவலமானது அந்த ஒப்பந்தம். 65 வயசு தாண்டினவங்களுக்கு தெரேசியன்ஸ்டாட்ல தனி இடம்னு 1942 ஜனவரியில, யூதர்களை ஒழிக்கறதைப் பத்தி நாஜி அதிகாரிங்க கூடிப் பேசின வான்சே கூட்டத்துலயே பேசி வச்சாச்சு. அப்புறம் கெஸ்டபோ பிடியில இருந்த யூதர் சங்கத்தோட பேர்லயே கையெழுத்து வாங்கறாங்க: உயிர் இருக்கற வரைக்கும் தங்க இடம், சாப்பாடு, வைத்தியம் எல்லாம் நாங்க பாத்துக்கறோம், உங்க சொத்தை எழுதிக் குடுங்க. மாசம் 150 மார்க் (அப்போதைய ஜெர்மன் காசு), 85 வயசு வரைக்கும்னு கணக்கு. அதாவது 65 வயசு பாட்டின்னா 36,000 மார்க். வசதி உள்ளவங்க இல்லாதவங்களுக்கும் சேத்துத் தரணும்னு வேற அதுல எழுதியிருக்கு, அந்த நல்ல மனசையும் காசாக்கிட்டானுங்க பாவிங்க!

வெயில் படற மாதிரி ரூம் வேணும்னு கேட்டுக்கிட்டு வந்து இறங்கினவங்க கூட உண்டு. கிடைச்சது தூசியும் புழுக்கமுமா இருந்த மொட்டைப் பரண்ல வெறுந்தரை, வேலை செய்ய முடியாதவங்கன்னு சாப்பாட்டு அளவும் கம்மி. பசியிலயும் வயித்துப்போக்குலயும் கொத்துக் கொத்தா செத்தாங்க, மிச்சம் இருந்தவங்கள்ல ஆயிரக்கணக்கானவங்களை அந்த வருஷ கடைசிக்குள்ளயே ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்கு அனுப்பிட்டாங்க. கட்டின பணம் எல்லாம் நாஜிங்க கைக்குத்தான் போச்சு.

ஸ்கூல்ல இந்த வரலாறு நடத்தறவங்க ஹிட்லர் படத்தை காட்டறதோட நிறுத்தாம இந்த ஒப்பந்தத்தையும் பசங்க முன்னாடி வைக்கணும்ங்க, அந்த 150 மார்க் கணக்கை அவங்களே போட்டுப் பாக்கட்டும்.