மலம்புழாவை அழகுபடுத்தப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பாலக்காட்டுப் பக்கத்தில் இருக்கிற மலம்புழா அணைத் தோட்டத்தைப் புதுப்பிக்க, மத்திய அரசின் ஸ்வதேஷ் தர்ஷன் 2.0 என்கிற சுற்றுலாத் திட்டத்தில் 75 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள் என்ற செய்தி வந்ததில் இருந்தே எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஆளுக்கொரு படம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடிப் பாலம் வரணும், டைனோசர் பார்க் வரணும், பனிக்குகை வரணும், பழசையெல்லாம் எடுத்துவிட்டுத் துபாய் மாதிரி ஆக்கணும். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று இந்த எல்லையோரத்தில் தமிழ் பேசிக்கொண்டு கேரளத்தில் வாழ்கிற எங்களுக்கு மலம்புழா வெளியூர்ச் சுற்றுலாத்தலம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போன முதல் டூர், பொங்கலுக்கு உடுமலையில் இருந்தும் பொள்ளாச்சியில் இருந்தும் வருகிற சொந்தக்காரர்களை வேன் பிடித்துக் கூட்டிப்போகிற இடம், கல்யாணமான புதிதில் பெரியவர்கள் "ஒரு நடை போய்ட்டு வாங்க" என்று அனுப்பி வைக்கிற இடம், எல்லாம் அதுதான். அந்த உரிமையில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பூங்காவின் பழைய பகுதிக்குப் புது வேஷம் போடுவதை நான் எதிர்க்கவில்லை. அந்தப் பகுதி இத்தனை வருஷமாக வருகிற ஜனங்களுக்கு என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்காமலே இடிக்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் எதிர்க்கிறேன்.

எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா இருக்கிறது, பெயர் வேண்டாம். அதில் சின்னப் பிள்ளைகளுக்கான பழைய பகுதி ஒன்று இருந்தது. தும்பிக்கையில் தண்ணீர் பீய்ச்சும் சிமெண்ட் யானை, ஆள் நின்று கையால் சுற்றிவிடுகிற தூரி, நான்கைந்து சறுக்குமரம், அதைச் சுற்றி நல்லா வளர்ந்த புங்கமரங்கள், மரத்தைச் சுற்றித் திண்ணை. அவ்வளவுதான். பெரிய ரைடில் ஏறப் பயப்படுகிற அப்புச்சி, அம்மாயி எல்லாரும் அந்தத் திண்ணையில் உட்கார்ந்து பைகளைக் காவல் காத்துக்கொண்டு, பேரன் யானை மேல் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, சாயங்காலம் வரை நிம்மதியாக இருப்பார்கள். இளவட்டங்கள் பெரிய ரைடுகளில் சுற்றிவிட்டு அங்கேதான் வந்து சேருவார்கள்.

அதை "டைனோசர் உலகம்" ஆக்கினார்கள். புங்கமரங்கள் போயின, திண்ணை போனது, தரை முழுக்கச் செயற்கைப் புல் விரித்தார்கள், ஃபைபர் டைனோசர்கள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நின்றன, வயிற்றுக்குள் வைத்த ஸ்பீக்கரில் இருந்து ஒரே உறுமல் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. சித்திரை வெயிலில் போயிருந்தோம். அந்தப் புல்லின் மேல் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை. ஒரு அம்மா, குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை ஊற்றி ஊற்றி இடம் நனைத்து, அதில் பிள்ளையை நிறுத்திப் போட்டோ எடுத்தார். பிள்ளை ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டே சிரித்தது. வயசானவர்கள் எங்கே என்று பார்த்தால் கழிப்பறைச் சுவரின் ஓரமாக விழுந்த ஒரு முழ நிழலில் சுவரோடு சுவராக ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அடுத்த தடவை போனபோது பெரிய டைனோசரின் வால் வெடித்து உள்ளே இருக்கிற கண்ணாடி நார் பிய்ந்து தொங்கியது, பச்சை நிறம் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி ஆகியிருந்தது. ஃபைபருக்கு வெயிலும் மழையும் ஆகாது, வருஷா வருஷம் பூச்சு பார்க்கணும். பழைய சிமெண்ட் யானைக்கு அந்த வம்பே இல்லை, பெயிண்ட் அடித்தால் போதும்.

டைனோசருக்கும் அந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. டைனோசர் எல்லா ஊரிலும் விற்கும், அதனால் வாங்கி வைத்தார்கள்.

வெளிநாட்டுப் பூங்காக்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறவன் நான். அங்கேயும் பழைய பகுதிகளை மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள், சண்டையும் நடக்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியாவில் இருக்கிற டிஸ்னிலேண்டில் ஸ்பிளாஷ் மவுண்டன் என்கிற ரைடு 1989-ல் திறந்தது, பிறகு ஃப்ளோரிடா, டோக்கியோ டிஸ்னி பூங்காக்களிலும் அதே ரைடு வந்தது. மரக்கட்டைப் படகில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிற பொம்மைகளைப் பார்த்துக்கொண்டே போய்க் கடைசியில் உயரத்தில் இருந்து தண்ணீருக்குள் சறுக்கி விழுவது. அதன் கதை 1946-ல் வந்த ஒரு படத்தில் இருந்து எடுத்தது, கறுப்பின மக்களை அந்தப் படம் காட்டிய விதத்துக்குப் பல வருஷமாக எதிர்ப்பு இருந்தது. கடைசியில் அந்தக் கதையை எடுத்துவிட்டு, டியானா என்ற கறுப்பின இளவரசியின் கதையை வைத்தார்கள். 2024 ஜூனில் ஃப்ளோரிடாவிலும் நவம்பரில் கலிஃபோர்னியாவிலும் திறந்தார்கள். கவனிக்க வேண்டியது என்னவென்றால், தண்ணீர்ப் பாதை அதே பாதை, சறுக்கல் அதே சறுக்கல். மாற்றுவதற்கு ஒரு நியாயமான காரணம் இருந்தது, மாற்றத் தேவையில்லாததைத் தொடவில்லை. டோக்கியோவில் பழைய ரைடு பழைய பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. 1989-ல் அந்த ஸ்பிளாஷ் மவுண்டனைக் கட்டும்போது அதற்கு முன்னால் மூடிய இன்னொரு பழைய காட்சியில் பாடிக்கொண்டிருந்த இயந்திர மிருகங்களைத்தான் கொண்டுவந்து வைத்தார்கள். அதே பூங்காவில் கரடிகள் பாடும் அரங்கத்தை 2001-ல் மூடிவிட்டு அங்கே 2003-ல் வின்னி த பூ என்கிற கதைக் கரடியின் ரைடு திறந்தபோதும், பழைய அரங்கத்தில் சுவரில் மாட்டியிருந்த மூன்று மிருகத் தலைகளைத் தூக்கிப் போடாமல், ரைடின் ஒரு இடத்தில் திரும்பிப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி மேலே மாட்டி வைத்தார்கள். தெரிந்தவர்கள் திரும்பிப் பார்த்து அந்தத் தலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்கிறார்கள். 2023-ல் அவர்கள் டூன்டவுன் என்கிற கார்ட்டூன் பகுதியைப் புதுப்பித்தபோது செய்த பெரிய மாற்றங்களில் ஒன்று புல்வெளியும் மர நிழலும் உட்காரும் இடமும். அவ்வளவு பணம் வைத்திருக்கிற கம்பெனியே நிழலுக்குச் செலவு செய்கிறது, நாம் இருக்கிற மரத்தை வெட்டுகிறோம்.

சரி, மலம்புழாவுக்கு வருகிறேன். அங்கே வெளியே இருந்து ஒரு கதையை வாங்கிவர வேண்டிய அவசியமே இல்லை. 1949-ல் வேலை தொடங்கிய அணை அது. 1955 அக்டோபர் 9 அன்று திறந்து வைத்தவர் காமராஜர், ஏனென்றால் பாலக்காடு அப்போது சென்னை மாநிலத்தில் இருந்தது. அடுத்த வருஷம் நவம்பரில்தான் கேரளம் பிறந்தது. (எங்கள் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்து வயலுக்கு வருவது ஆழியாற்றுத் தண்ணீர்; மலம்புழாத் தண்ணீர் பாலக்காட்டுப் பக்கத்து வயல்களுக்கும் டவுனுக்குக் குடிக்கவும் போகிறது. இது நம் பிள்ளைகள் நிறையப் பேருக்குத் தெரியாது.) இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்து எந்த வாய்க்காலில் பிரிந்து எந்த நெல்வயலுக்குப் போகிறது என்று பிள்ளைகள் கையால் மதகைத் திறந்து மூடி விளையாடுகிற மாதிரி ஒரு பகுதி செய்தால் அதைவிட நல்ல தீம் என்ன இருக்கிறது? சின்ன வாய்க்கால், சின்ன ஷட்டர், நிஜத் தண்ணீர், பக்கத்திலேயே நெல் நாற்று. பனிக்குகை வைப்பதைவிடச் செலவு கம்மிதான் ஆகும்.

அப்புறம் தோட்டத்தில் இருக்கிற யட்சி சிலை. சிற்பி கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் செய்தது, முப்பது அடி. சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தவர் அவர். உடையில்லாமல், கால்களை அகட்டி, கைகளைக் கூந்தலுக்குள் விட்டு உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணைச் செய்துகொண்டிருந்த நாளிலேயே எதிர்ப்பு வந்தது. இன்றைக்கும் குடும்பத்தோடு வருகிறவர்களில் சிலர் பார்க்காத மாதிரி வேகமாக நடப்பார்கள், சிலர் நின்று அண்ணாந்து பார்ப்பார்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தர் "ஃபேமிலி பார்க்னா அதை மறைச்சுடலாமே" என்று எழுதியிருந்தார். கூடவே கூடாது. அந்தச் சிலையைச் சுற்றி எல்இடி வளையமும் செல்ஃபி சட்டமும் வைத்தாலும் அதற்குச் சமம்தான். சுற்றி வெற்றிடம் இருந்தால்தான் அந்த உருவத்தின் பாரம் தெரியும்.

ராக் கார்டனும் அப்படித்தான். சண்டிகரில் உடைந்த வளையலையும் ஓட்டுத் துண்டுகளையும் வைத்து ஒரு உலகத்தையே கட்டிய நேக் சந்த் நம் மலம்புழாவுக்கும் ஒன்று செய்து கொடுத்திருக்கிறார். 2015-ல் காலமாகிவிட்டார், இனி இன்னொன்று செய்து தர ஆள் இல்லை. சண்டிகரிலேயே 2025-ல் சாலைக்கும் பார்க்கிங்குக்கும் என்று சொல்லி அந்தத் தோட்டத்தின் சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள், மக்கள் போராடியும் நிற்கவில்லை. உயிரைக் கொடுத்துக் கட்டிய ஊரிலேயே அந்தக் கதி என்றால் இங்கே நாம் எவ்வளவு கவனமாக இருக்கணும். உடைந்த ஓட்டுத் துண்டு விழுந்தால் அதே மாதிரித் துண்டைத் தேடி ஒட்டுவதுதான் அங்கே வேலை, டைல்ஸ் ஒட்டிப் பளபளப்பாக்குவது இல்லை.

மீன் வடிவத்தில் கட்டிய அந்த அக்வேரியத்தைப் பழைய பாணி என்று சிரிக்கிறார்கள். வெளியே மீன், உள்ளே மீன், மீனின் வயிற்றுக்குள் போகிறோம் என்று நான்கு வயசுப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உள்ளே தொட்டியையும் விளக்கையும் வடிகட்டியையும் புதுசாக்குங்கள், மீனை விட்டுவிடுங்கள். ரோப்வேயும் அப்படியே, பாதுகாப்புக்கு என்ன வேண்டுமோ அதைத் தாராளமாகச் செய்யுங்கள், பெட்டியை மூடி ஏசி போட வேண்டாம். காற்றுக்குத்தான் அதில் ஏறுகிறோம்.

வெளிச் சாப்பாட்டையும் தடுக்காதீர்கள். புளிசாதமும் தயிர்சாதமும் தூக்கில் கட்டிக்கொண்டு வந்து புல்லில் விரித்து உட்கார்ந்து சாப்பிடுகிற குடும்பங்களால்தான் அந்தத் தோட்டம் இத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறது. குப்பைக்குத் தொட்டி அதிகமாக வையுங்கள், அள்ள ஆள் போடுங்கள், போடுகிறவனுக்கு அபராதம் போடுங்கள். புதுப்பித்த பிறகு டிக்கெட்டை ஏற்றி, கூலிவேலை செய்கிற குடும்பம் வாசலில் கணக்குப் போட்டுத் திரும்பிப் போகிற நிலைமை வந்தால் எவ்வளவு அழகாக இருந்து என்ன பயன்?

அறிவிப்புப் பலகைகளில் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழும் இருக்கட்டும். பொங்கல் விடுமுறையில் அங்கே காதில் விழுகிற பேச்சில் பாதி நம்முடையதுதான்.

கடைசியாகப் பணம். ஒதுக்கியதை முழுக்கக் கட்டிடத்தில் கொட்டிவிட்டு, மூன்றாம் வருஷம் பம்பு ஓடாமல் பாசி பிடித்து நிற்கிற நீரூற்றுகளை எத்தனை ஊரில் பார்த்திருக்கிறோம். எதைக் கட்டினாலும் அதைப் பத்து வருஷம் பராமரிக்க யார், எந்தப் பணத்தில் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லிக் கேட்கணும். திட்ட வரைபடத்தை மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்லி நம் பஞ்சாயத்து உறுப்பினர்களிடமும் எம்எல்ஏவிடமும் கேட்க ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், தமிழிலும் மலையாளத்திலும். மலையாளம் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் யாராவது திருத்திக் கொடுத்தால் உதவியாக இருக்கும். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் கீழே சொல்லுங்கள்.